பால் வண்டியின் அடிப்பக்கம்

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வீட்டுக்காரர் ஜெகந்நாதன் காலையிலேயே வந்துவிட்டார். வாடகைக்கு ஒன்றாம் தேதிதான் வருவார். இன்று ஒரு நாள் முன்னாலேயே. காப்பி குடித்து முடிக்கும்வரை வெயிலைப் பற்றிப் பேசினார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மகள் கனடாவுக்கே வந்துவிடச் சொல்கிறாள், வீட்டை விற்கப் போகிறேன் என்றார்.

"ஒரு பில்டரு கேட்டுட்டே இருக்கறாருங்க. இடிச்சுப்போட்டு அபார்ட்மெண்ட் கட்டறாராமா. நீங்க இருவத்தியோரு வருசமா இருக்கறீங்க, உங்களக் கேக்காமக் குடுத்தா எனக்கே நல்லா இருக்காது. ஆனா ஒண்ணுங்க வெள்ளிங்கிரி. புரட்டாசி பொறந்துட்டா நான் கையெழுத்துப் போட மாட்டன். ஆவணி இருவத்தொம்போது, ஞாயித்துக்கெழம, நல்ல நாளு. அன்னைக்கு அட்வான்ஸோட வந்தீங்கன்னா அக்ரிமெண்ட் போட்டுக்கலாம். இல்லீன்னா பில்டருக்கு வாக்குக் குடுத்துருவன்."

இன்றிலிருந்து எண்ணினால் பதினான்கு நாள்.

அவர் போன பிறகு என் மனைவி கலாமணி காப்பி டம்ளரைக் கழுவி வைத்தாள். முன்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போய் இரண்டு கிரைண்டரையும் ஓட விட்டாள். இருபது வருஷமாக இட்லி மாவு அரைத்து விற்கிறாள். காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் தூக்குப்போசியோடு தெருவே வாசலில் நிற்கும். செல்வபுரத்தில் இந்த வரிசைக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. வேறு தண்ணீரில் அரைத்தால் தன் மாவு தன் மாவாக இருக்காது என்பது அவள் கட்சி. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஆனால் வீடு மாறினால் இந்தத் தெரு நம் பின்னாலேயே வந்து மாவு வாங்காது என்பதில் முழு நம்பிக்கை உண்டு.

கொரோனாவில் நான் வேலை பார்க்கிற இரும்பு வார்ப்புப் பவுண்டரி ஐந்து மாதம் மூடிக் கிடந்தபோது சாப்பிட்டது இந்த மாவில்தான். எழுதிவைப்பதில் தவறில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

வங்கிக் கடன், பி.எஃப்., கலாமணியின் நகை, ஓசூரில் வேலை பார்க்கும் மகள் தாரணி தருவதாகச் சொன்னது, எல்லாம் சேர்த்தாலும் அட்வான்ஸாகக் கொடுக்க வேண்டிய எட்டு லட்சம் இடிக்கிறது.

"காரையெல்லாம் வித்துருங்க" என்று கலாமணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் முன்னறை அலமாரியின் கண்ணாடியைத் துடைத்தாள், அவ்வளவுதான். முடிவெடுத்தவன் நான். இதைப் பதிவு செய்கிறேன்.

முந்நூற்று எண்பத்தாறு பொம்மைக் கார்கள். லாரி, பஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி எல்லாம் இதில் அடக்கம். பாதி இங்கிலாந்தில் வார்த்தவை. மீதி, அங்கிருந்து அச்சைக் கொண்டுவந்து இங்கே வார்த்தவை. சின்ன வயதில் பொம்மை கிடைக்காத ஏக்கம் என்று என் தங்கை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதெல்லாம் கிடையாது. நான் பவுண்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இருபத்தெட்டு வருஷமாகப் பம்பு மோட்டார் வார்ப்புகளில் ஓட்டை, விரிசல், மேடு பள்ளம் பார்த்து ரிஜெக்ட் போடுகிறவன். உள்ளங்கை அளவில் ஒரு வண்டி, அதில் நகக்கண் அளவில் ஒரு கதவு, ஒரு கைப்பிடி, ஒன்றிலும் குறை சொல்ல முடியாதபடி ஒருவன் வார்த்திருக்கிறான் என்றால் அதைக் கையில் வைத்துப் பார்ப்பதே ஒரு நிம்மதி. நாள் முழுக்க ஓட்டை பார்த்த கண்ணுக்கு அது வேண்டியிருந்தது.

வாங்கிய அன்று லென்ஸ் வைத்து மேலும் கீழும் பார்ப்பேன். தேறினால் டப்பாவில் போட்டு, தேதிச் சீட்டு ஒட்டி அலமாரியில் வைப்பேன். வைத்தால் வைத்ததுதான். ஒருமுறை பாஸ் பண்ணியதை மறுபடி பிரித்துப் பார்க்கிற வழக்கம் என்னிடம் இல்லை. வீட்டில் வேறு யாரும் தொடக் கூடாது. தாரணி குழந்தையாக இருந்தபோதுகூடத் தொட்டதில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படங்களைப் போட்டேன். சென்னையிலிருந்து சுதர்சனம் என்ற பல் டாக்டர் உடனே கூப்பிட்டார். மொத்தமாக எடுத்துக்கொள்கிறாராம். படத்தில் இருக்கிறபடியே நேரிலும் இருந்தால் எட்டு லட்சம்.

மற்றவர்கள் ஒன்றிரண்டாகக் கேட்கிறார்கள். பன்னிரண்டு நாளில் அதெல்லாம் ஆகாது.

செப்டம்பர் 3, புதன்

டாக்டர் மறுபடி கூப்பிட்டார். ஒரு பால் வண்டி உண்டாம். க்ரீம் நிற உடம்பு, பச்சை எழுத்து, பின்கதவைத் திறந்தால் உள்ளே ஆறு பால் கேன். "பதினஞ்சு வருஷமா தேடறேன் சார். உங்க லிஸ்ட்ல ஒண்ணுமே விட்டுப்போகல, அது மட்டும் இல்ல. யாராவது வெச்சிருந்தா சொல்லுங்க, அதுக்கு மட்டும் தனியா ஒன்றரை லட்சம் தரேன்."

பார்த்ததில்லை என்று சொன்னேன்.

பீரோவின் மேல் என் பழைய மரப்பெட்டி இருக்கிறது. வார்ப்பு அளவு பார்க்கிற வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வைத்தது. கம்பெனியில் டிஜிட்டல் கொடுத்த பிறகு அதற்கு வேலையில்லை. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

காலையில் தண்ணீர் பிடிக்கக் கொட்டகைக்குப் போனேன். மூன்றாவது கிரைண்டருக்காகக் கட்டிய சிமெண்ட் மேடையில் கலாமணி வழக்கம்போல அரிசி ஊறவைத்த குண்டாவை வைத்திருந்தாள். அந்த மேடை கட்டிப் பதினோரு வருஷம் ஆகிறது. கிரைண்டர் வாங்க அவள் சேர்த்துக் கொடுத்த பணம் 2014இல் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பிக்பாக்கெட் போய்விட்டது. பிறகு சேரவேயில்லை.

போய்விட்டது என்றுதான் அப்போது சொன்னேன்.

வீட்டை இடித்தால் அந்த மேடையும்தான் போகும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எழுத மனமில்லை. இருந்தாலும் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

டாக்டர் சுதர்சனம் பத்து மணிக்கு வந்தார். ஒல்லியாக, சுத்தமாக, மெதுவாகப் பேசுகிற மனிதர். பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து மேசையில் விரித்தார். நெற்றியில் மாட்டுகிற விளக்கு, பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடி, எல்லாம் கொண்டுவந்திருந்தார். என் ஜாதி ஆள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

முதல் டப்பா பச்சை ஆம்புலன்ஸ். மேல்புறம் பார்த்தார், "பிரமாதம்" என்றார். திருப்பினார். பல் கண்ணாடியை அடித்தகட்டுக்கு மேல் பிடித்தார். குனிந்து விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"இது என்ன சார்? துருவா?"

வாங்கிப் பார்த்தேன். அடித்தகட்டின் நடுவில், அதை வண்டியோடு பிணைத்திருக்கிற ரிவெட்டின் மேல் கடுகு அளவில் ஒரு சிவப்பு. அதைச் சுற்றி வட்டமாக இன்னும் பல. எனக்கு முதலில் வந்த பயம் வேறு. இந்தத் துத்தநாக வார்ப்புக்கு ஒரு நோய் உண்டு, உள்ளிருந்து அரித்துக்கொண்டே வந்து ஒரு நாள் பொடிந்துவிடும். நகத்தால் லேசாகச் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம் மணத்தது.

சந்தனத்தின் மேல் குங்குமம்.

இரண்டாவது டப்பாவைத் திறந்தேன். அதிலும் இருந்தது. மூன்றாவது, பத்தாவது, நாற்பதாவது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும், ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் அடிவயிற்றில் பொட்டு. 2006இல் வாங்கியதில் பத்தொன்பது. போன வருஷம் வாங்கியதில் ஒன்று.

"கலாமணி!" என்று கத்தினேன். மாவுக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். என் கையில் இருந்த ஆம்புலன்ஸைப் பார்த்தாள்.

"நாந்தானுங்க வெச்சேன்" என்றாள். "ஆயுத பூசைக்கு."

"எப்ப?"

"நீங்க பவுண்டரி பூசைக்குப் போவீங்கள்ல. பொரி மூட்டையோட மத்தியானம் மூணு மணிக்குத்தான வருவீங்க. அதுக்குள்ள."

"வெக்கக் கூடாதுன்னு மொத வருசமே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. கிரைண்டருக்கு வெக்கறேன், அருவாமணைக்கு வெக்கறேன், வாசல்ல நிக்கற உங்க வண்டிக்கு வெக்கறேன். நீங்க உசுரா வெச்சிருக்கறதுக்கு வெக்காம விட்டா மனசு கேக்குமுங்களா? மேல வெச்சா உங்குளுக்குப் புடிக்காது. அதான் அடியில வெச்சேன். தீக்குச்சி மொனையிலதான் வெச்சேன், பெருசாயிரக் கூடாதுன்னு."

டாக்டர் துணியை மடித்தார். பாவம், அவருக்கே சங்கடம். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த குங்குமம் உலோகத்தைக் கடித்திருக்கும், துடைத்தாலும் அடியில் தழும்பு இருக்கும் என்றார். எனக்குத் தெரியாததா. பெட்டியில் இருந்து எடுக்காத நிலை என்று சொல்லித்தான் எட்டு லட்சம் பேசியது. இப்போது ஐந்துதான் தர முடியும், யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

அவர் போனதும் கலாமணியிடம் ஒரு வார்த்தை சொன்னேன். பத்தாவது பெயிலானவள் கையில் எது கிடைத்தாலும் இப்படித்தான் ஆகும் என்று. சொன்னதை எழுதிவைக்கிறேன், ஏனென்றால் சொன்னேன்.

"தப்புத்தானுங்க" என்றாள். நாலு மணிக்கு வாசலில் ஆட்கள் நின்றார்கள். மாவு ஊற்றப் போய்விட்டாள்.

செப்டம்பர் 8, திங்கள்

பேச்சுவார்த்தை இல்லை. உப்புமா.

செப்டம்பர் 9, செவ்வாய்

தாரணி கூப்பிட்டாள். அம்மா அழுதாளாம். என்னிடம் அழவில்லையே என்றேன்.

"நீங்க ரிஜெக்ட் போட்டுருவீங்கன்னுதான் உங்ககிட்ட அழுகலீங்கப்பா." அதோடு விடவில்லை. "அம்மாவ மட்டும் திட்டாதீங்க. டப்பா தொறந்து குடுக்கறது நாந்தான். சின்னதுலருந்து. அம்மா பொட்டு வெக்கும், நான் ஒரு தடவ தரையில ஓட்டிப் பாத்துட்டு மூடி வெப்பேன். ஒண்ணு ஒரு தடவதான்னு அம்மா சொல்லும். எனக்கு வருசத்துல புடிச்ச நாளே அதான்."

இருபத்தெட்டு வருஷமாக இன்ஸ்பெக்டர். என் அலமாரியில் வருஷாவருஷம் ஒரு குழந்தை முந்நூறு கார் ஓட்டியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

என் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நன்றாக ஓடுமா என்று கேட்டேன். கொஞ்சம் இடது பக்கம் இழுக்குமாம்.

செப்டம்பர் 10, புதன்

இன்று வேலையில் ஒன்று நடந்தது.

எங்கள் கம்பெனியிலேயே பூட்டி ராஜ்கோட்டுக்கு அனுப்புகிற பம்புகள் டெஸ்டிங் முடிந்து வரிசையில் நின்றன. கடைசியில் நான்தான் பார்த்து விட வேண்டும். எங்கள் வழக்கம் என்னவென்றால், போல்ட்டை முறுக்கி முடித்த பிறகு, போல்ட் தலைக்கும் பம்பின் உடம்புக்கும் சேர்த்தாற்போல மஞ்சள் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்போம். வெளியே போன பம்பை யாராவது கழற்றிப் பூட்டியிருந்தால் புள்ளி உடைந்திருக்கும். புள்ளி முழுசாக இருந்தால் நாங்கள் அனுப்பிய சரக்கு, யார் கையும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அப்புறம் அதற்கு மேல் கேள்வியே கிடையாது.

பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

பொம்மைக் காரில் ஏமாற்றுகிறவர்கள் என்ன செய்வார்கள்? அடி ரிவெட்டைத் துளை போட்டு எடுத்துவிட்டு, பெயிண்ட் போன வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, வேறு ரிவெட் வைத்து அடைத்துப் புதுசு மாதிரி விற்பார்கள். டாக்டர் பல் கண்ணாடி கொண்டுவந்ததே அந்த ரிவெட்டைப் பார்க்கத்தான். சந்தையில் வருவதில் பாதி அப்படிப்பட்டது. கலாமணி முதல் பொட்டை எங்கே வைத்திருக்கிறாள்? ரிவெட்டின் தலையில். நெற்றி மாதிரி நடுவில் மேடாக இருந்ததால் அங்கே வைத்திருப்பாள். ரிவெட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்தாற்போல, பத்தொன்பது வருஷம் காய்ந்து இறுகிப்போன பொட்டு. ஒன்றுகூட உடையவில்லை.

நான் ஒட்டிய தேதிச் சீட்டை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். இதைச் செய்ய முடியுமா?

சாப்பாட்டு வேளையில் டாக்டரைக் கூப்பிட்டு, படபடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் ஏதோ நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருந்திருக்க வேண்டும். அவர் நாலைந்து வண்டியின் அடிப்பக்கத்தைப் பெரிதாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

செப்டம்பர் 11, வியாழன்

டாக்டர் சிரித்துக்கொண்டே பேசினார். "சார், இந்த மாதிரி ஒரு கேரண்டிய நான் எங்கயும் பாத்ததில்ல. தயவுசெஞ்சு ஒண்ணையும் துடைச்சிடாதீங்க." தழும்பு தழும்புதான், எட்டுக்கு வர முடியாது, ஆனால் ஆறரை தருகிறேன் என்றார். சனிக்கிழமை பணத்தோடு வருகிறார்.

கலாமணியிடம் சொன்னேன். நாலு நாளில் நான் அவளிடம் பேசிய முதல் முழு வாக்கியம். "நீ வெச்ச பொட்டுனால ஒன்றர லட்சம் ஏறிடுச்சு" என்றேன்.

"அதுனாலதான மூணு லட்சம் எறங்குச்சு" என்றாள். கணக்கில் அவள் எப்போதும் என்னைவிடக் கெட்டி.

ஞாயிற்றுக்கிழமை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் போயிருந்த மின்சாரம் வந்துவிட்டது, கிரைண்டரைப் போட்டுவிட்டாள்.

இன்னும் ஒன்றரை லட்சம் வேண்டும். ஜெகந்நாதனிடம் தவணை கேட்டுப் பார்த்தேன். பில்டர் முழுசாகத் தருகிறாரே என்று வருத்தத்தோடு சொன்னார்.

செப்டம்பர் 12, வெள்ளி

எதைச் செய்ய வேண்டும் என்று தெரிந்த பிறகும் மூன்று முறை பீரோ பக்கம் போய்விட்டுத் திரும்பினேன்.

கடைசியில் கலாமணி கடைக்குப் போன நேரத்தில் மரப்பெட்டியை இறக்கினேன். மேல்தட்டில் வெர்னியர். அதில் போன வருஷத்துப் பொட்டு காய்ந்திருந்தது. வருஷாவருஷம் இருக்கும், நானே துடைத்து வைப்பேன். தட்டைத் தூக்கினால் கீழே பஞ்சுக்குள் பால் வண்டி. பஞ்சோடு எடுத்துப் பார்த்துவிட்டுப் பஞ்சோடு வைத்தேன். பதினோரு வருஷமாக அப்படித்தான் பார்ப்பது. அதன் மேல் அழுத்தி விரல்கூட வைத்ததில்லை.

இதில் பொட்டு இருக்க வழியில்லை. இதை அவள் பார்த்ததே இல்லை. அதனால் டாக்டர் முழு விலை தருவார்.

கலாமணி கேட்டால், பவுண்டரியில் கூட வேலை பார்க்கும் சிவராஜ் தன் பங்குக்கு ஒன்று கொடுத்தான் என்று சொல்லிவிடலாம்.

செப்டம்பர் 13, சனி

டாக்டர் பஞ்சுமெத்தை வைத்த அட்டைப்பெட்டிகளோடு வந்தார். ஒவ்வொன்றாக நானே எடுத்துக் கொடுத்தேன். முந்நூறு தாண்டியதும் பார்க்காமலேயே கொடுத்தேன். அலமாரி காலியாகக் காலியாகப் பின்பலகையின் நிறம் தெரிந்தது. நீலம். நான் அடித்ததுதான், மறந்துபோயிருந்தேன்.

கலாமணி காப்பியோடு வந்தாள். அந்த நேரம் பார்த்து வேண்டுமென்றே பால் வண்டியை எடுத்து வைத்தேன். அவள் முன்னாலேயே சொல்லி முடித்துவிட வேண்டும் என்று.

"நம்ம பிரெண்டு ஒருத்தர் குடுத்தாருங்க டாக்டர். சிவராஜ்னு. நீங்க கேட்டீங்களேன்னு."

டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். பின்கதவைத் திறந்து ஆறு பால் கேனையும் எண்ணினார். பிறகு திருப்பி, கண்ணாடியைப் பிடித்தார்.

"சார், இதுலயும் இருக்கு."

"இருக்காதுங்க" என்றேன்.

"இருக்கே சார். ரிவெட் மேல ஒண்ணு. சுத்தி..." அவர் எண்ணிக்கொண்டே போனார். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பதினொண்ணு."

திரும்பிப் பார்த்தேன். கலாமணி காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் பிரெண்டு வீட்டிலும் இதே பழக்கமா என்று ஆச்சரியப்பட்டார். இதுவும் பிரிக்காத சரக்குத்தான் என்று சந்தோஷமாகப் பேசியபடி ஒன்றரை லட்சத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, காப்பியைப் புகழ்ந்துவிட்டுப் போனார்.

கார் தெருமுனை திரும்புகிறவரை இருவரும் வாசலில் நின்றோம்.

"கலா" என்றேன்.

"சிவராஜ் அண்ணன் குடுத்த வண்டியா அது?" என்றாள். "நானு, அந்தப் பிக்பாக்கெட்காரந்தான் மனசு கேக்காமக் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிட்டானாக்கும்னு நெனச்சேன்."

தூண் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஆயுத பூசைக்கு வெர்னியருக்குப் பொட்டு வெக்கோணுமில்லீங்க. பொட்டியத் தொறக்காம எப்படி வெக்கறது? அடித்தட்டுலயும் ஏதாச்சும் சாமான் இருக்கும், அதுக்கு வெக்காம விட்டறக் கூடாதேன்னு தூக்கிப் பாத்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமில்ல."

"கேட்டா நீங்க இன்னொரு பொய்யி சொல்லோணும். அதையும் நான் நம்பற மாதிரி நிக்கோணும். எதுக்குங்க." காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "அன்னைக்கு அழுதேன். தூக்கிச் சாக்கடையில போட்றலாமான்னுகூட இருந்துச்சு. அப்பறம், அது என்ற கிரைண்டருப் பணந்தானன்னு தோணுச்சு. கிரைண்டரு வந்திருந்தா அதுக்குப் பொட்டு வெச்சிருப்பேன்ல. அந்தப் பொட்டத்தான் அதுக்கு வெச்சேன். வருசாவருசம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்து நாலு வயதில், பட்டப்பகலில், வாசலில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு கிரைண்டரை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்திருக்கிறாள். மூன்றாவது இருந்திருந்தால் ஒரு மணி நேரம் கூடத் தூங்கியிருப்பாள். ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. மன்னிச்சிரு கலா என்றேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னதற்கும் சேர்த்து என்றேன்.

"எந்திரிங்க, மாவு வாங்க ஆளு வராங்க" என்றாள்.

முதலில் வந்தது எதிர்வீட்டு சுகந்தி டீச்சர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கார் எல்லாம் போயிருச்சுன்னு அழறாரா என்று கேட்டார். ஆமாங்க, ரொம்ப ஆசையா வெச்சிருந்தாரு என்று கலாமணி சொன்னாள். அப்போதும் காட்டிக்கொடுக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆவணி 29. காலை ஒன்பதே காலுக்கு அக்ரிமெண்ட். ஜெகந்நாதன் கலாமணி பெயரையும் சேர்த்து எழுதட்டுமா என்று கேட்டார். அவள் பெயரை முதலில் எழுதச் சொன்னேன்.

பத்தாவது பெயில் என்றேனே. அவள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலி அலமாரியில் கலாமணி மாவு டப்பாக்களை அடுக்கட்டுமா என்று கேட்டாள். அடுக்கிக்கொள் என்றேன். இன்னும் அடுக்கவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. நேற்று இதில் எழுத முடியவில்லை. சரஸ்வதி பூஜைக்கு வைத்த புத்தகத்தை மறுநாள் பூஜை முடிகிறவரை எடுக்கக் கூடாது என்று இதையும் வாங்கி அடுக்கில் வைத்துவிட்டாள். மற்ற வருஷங்களில் அன்றைக்கு இதை மேசை டிராயரில் பூட்டிவிட்டுத்தான் பவுண்டரிக்குப் போவேன். இந்த வருஷம் நானே எடுத்துக் கொடுத்தேன்.

நேற்று பவுண்டரி பூஜைக்குப் போகவில்லை. பொரி மூட்டையை சிவராஜிடம் வாங்கி வரச் சொல்லிவிட்டேன். வீட்டில் என்ன நடக்கிறது என்று பத்தொன்பது வருஷம் கழித்துப் பார்த்தேன். இரண்டு கிரைண்டரையும் கழுவித் துடைத்துப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தாள். அருவாமணை, தராசு, என் வண்டி. பிறகு கிண்ணத்தோடு பழக்கத்தில் முன்னறைக்குள் போய்விட்டாள். காலி அலமாரியின் முன்னால் நின்று, மேல்தட்டின் இடது மூலையைத் தொட்டு, "ஆம்புலன்ஸு இங்கதான இருக்கும்" என்றாள். அடுத்த இடத்தைத் தொட்டு, "இது போஸ்டாபீசு வண்டி." அப்படியே ஒன்பது தட்டையும் வரிசை தப்பாமல் சொன்னாள். நான் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பேன்.

பிறகு கொட்டகைக்குத் திரும்பி, குண்டாவைத் தூக்கிவிட்டு, மூன்றாவது மேடையின் வெறும் சிமெண்டில் ஒரு பொட்டு வைத்தாள். தீக்குச்சி முனையில் இல்லை. கட்டைவிரலால், பெரிதாக.

இன்று காலை பூஜை முடிந்து இதைக் கையில் கொடுத்தாள். அட்டையின் முன்பக்கம் நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சந்தேகம் வந்து டிராயரைத் திறந்து பழைய டைரிகளை எடுத்துத் திருப்பினேன். எல்லாவற்றிலும் பின்னட்டையின் கீழ் மூலையில் கடுகு அளவில் ஒன்று இருந்தது. டிராயர் சாவியையும் நான் சாமி படத்துக்குப் பின்னால்தான் வைப்பேன்.

அவளைப் பார்த்தேன்.

"வர வர உங்க எழுத்து கோணலாப் போகுதுங்க" என்றாள். "2014ல எவ்வளவு நல்லா எழுதீருந்தீங்க."

சொல்லிவிட்டு மாவு ஊற்றப் போய்விட்டாள்.

தீபாவளி போனஸ் பதினைந்தாம் தேதி வருகிறது. வந்த அன்றே கணபதி ஏரியாவில் கிரைண்டர் செய்கிற பட்டறையில் முழுப் பணத்தையும் கட்டிவிடுவேன். பத்து லிட்டர், சாய்க்கிற மாடல். கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் எடுப்பேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், டிராயரைப் பூட்டவில்லை.